பழைய விமானங்களின் ஃபிளாப்புகள்: கேள்வியும் பதிலும்

யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றின் அறிவியல் வட்டத்தினர், இறக்கையின் பின்விளிம்பில் தாழ்ந்து இறங்கும் ஃபிளாப்புகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளும், பழைய விமானங்களில் நெடுநாள் ஈடுபாடுள்ள ஓர் உறுப்பினரின் பதில்களும் இவை.

கேள்வி (நல்லூர்): ஐயா, சிறுவயதில் பலாலியில் டக்கோட்டா விமானம் இறங்கியபோது இறக்கையின் அடிப்புறம் பிளந்து தொங்கியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அது பழுதா?

பதில்: பழுதன்று, தாங்கள் கண்டது பிளவு ஃபிளாப். இறக்கையின் மேற்பரப்பு அசையாதிருக்க, கீழ்த்தகடு மட்டும் கீலில் திரும்பி இறங்கும் இவ்வமைப்பை 1920ஆம் ஆண்டளவில் ஓர்வில் ரைட்டும் ஜேம்ஸ் ஜேக்கப்ஸும் உருவாக்கினர். சாளரத்தருகே இருந்த பயணிக்கு எதுவும் தெரிந்திராது; கீழே நின்றவருக்கே அது புலப்படும். இந்த ஃபிளாப் தூக்குவிசையைக் கூட்டுவதோடு காற்றின் இழுவையையும் மிகுதியாகக் கூட்டுவதால், வேகம் ஏறாமலே மிகுந்த சரிவில் தாழ்ந்து ஓடுபாதையை அடைய முடிந்தது.

கேள்வி (மானிப்பாய், மாணவன்): இழுவை நல்லதென்றால் வேறு வகைகள் எதற்கு?

பதில்: தரையிறங்க உதவும் இழுவை, மேலெழும்போது தடையாகிவிடும். ஆகவே இறக்கைக்கும் ஃபிளாப்புக்கும் இடையே ஒரு துளைவழி விட்டார்கள்; கீழிருந்து அதன் வழியே பாயும் காற்று, மேற்பரப்பின் சோர்ந்த காற்றோட்டத்துக்கு உயிரூட்டி, அது இறக்கையைவிட்டுப் பிரிவதைத் தாமதப்படுத்தும். ஹார்லன் ஃபவ்லர் 1920களில் வகுத்த ஃபிளாப், பின்னோக்கி நகர்ந்த பின்னரே தாழ்வதால், இறக்கையின் பரப்பளவையே பெருக்கிவிடும். பழைய வகைகளுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. 1937இல் பறந்த லொக்ஹீட் 14 விமானமும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையிலிருந்தும் பறந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானமும் இதைக் கொண்டிருந்தன.

கேள்வி (சாவகச்சேரி): ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் ஃபிளாப்பைப் பாதியளவு இறக்க முடியாது என்பது உண்மையா?

பதில்: உண்மையே. அதுவும் பிளவு வகைதான். அழுத்தக்காற்றால் இயங்கி, முழுவதும் மேலே அல்லது முழுவதும் கீழே என்ற இரு நிலைகளில் மட்டுமே நிற்கும். விமானியால் அதைக் காண முடியாததால், அது இறங்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் ஒரு சிறு கதவு எழுந்து காட்டும். 1942இல் மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்கு உதவியாக விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இவற்றை அனுப்ப நேர்ந்தபோது, குறுகிய தளத்திலிருந்து எழுவதற்குச் சிறிதளவே இறங்கிய ஃபிளாப் தேவைப்பட்டது. எனவே ஃபிளாப் முழுவதும் மூடாதபடி இடையில் மரக்கட்டைகளைச் செருகி வைத்தார்கள். மேலெழுந்து உயரம் சேர்ந்தபின் விமானி ஃபிளாப்பை முழுவதும் இறக்க, கட்டைகள் கடலில் விழும். பிறகு அவர் அதை மூடிக்கொள்வார். ஓர் இயந்திரக் குறைபாட்டை ஒரு மரத்துண்டால் வென்ற அந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி (பருத்தித்துறை): போர்க்காலத்தில் கொக்கலையில் இருந்த கடல் விமானங்களில் ஃபிளாப் எப்படி இருந்தது?

பதில்: கட்டலினாவுக்கு ஃபிளாப்பே இல்லை. சண்டர்லாண்டில் ஆர்தர் கூஜ் வடிவமைத்த ஃபிளாப், வில்போன்ற பாதையில் பின்னும் கீழுமாக வழுக்கி இறங்கும்.

கேள்வி (கோப்பாய்): டைகர் மொத் விமானத்தின் மேல் இறக்கையில் முன்னால் திறக்கும் தகடும் ஃபிளாப்தானா?

பதில்: அன்று. அது முன்விளிம்புத் தகடு; வேகம் குறையும்போது தானாகத் திறக்கும். அவ்விமானத்துக்கு ஃபிளாப் இல்லாததால், உயரத்தை விரைவாகக் குறைக்க விரும்பிய விமானி அதைப் பக்கவாட்டில் சரித்தே இறக்கினார்.