ஜாவாவில் சாதாரண உள்ளூர் உணவகம் ஒன்றில் அவர்களுடைய பாரம்பரிய உணவை உண்ட அனுபவம் எப்படி இருந்தது?

முதல் கவளத்தில் ஏமாற்றமாகவும், இலை காலியாகும்போது இன்னொரு முறை கேட்கலாமா என்னும் எண்ணமாகவும் இருந்தது. இந்த மாற்றத்துக்குக் காரணம் சமையல் அன்று. நான் உண்ட முறையே.

ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் அரண்மனைக்கு அருகிலுள்ள விஜிலான் தெரு, குடெக் என்னும் பலாப்பிஞ்சு உணவை விற்கும் கடைகளுக்குப் பெயர்பெற்றது. நான் சென்றது அங்கன்று. தங்கியிருந்த விடுதிக்குப் பின்புறச் சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு வாருங்குக்கு. சிறு உணவுக்கடையை அங்கே வாருங் என்பார்கள். (இந்தோனேசிய மொழியில் கடைக்கு வழங்கும் 'கெடாய்' என்னும் மற்றொரு சொல் நம்முடைய 'கடை'யிலிருந்து போனதுதான்.) காலை ஆறரை மணிக்கு, சுற்றிலும் மண்சட்டிகளை வைத்துக்கொண்டு தாழ்வான பலகையில் அமர்ந்திருந்த மூதாட்டி, "மொங்கோ" என்று பாயைக் காட்டினார். "வாருங்கள், அமருங்கள்" என்னும் உபசாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. தரையில் பாய் விரித்து உண்ணும் வழக்கத்துக்கு லெசெஹான் என்று பெயர். பந்திப்பாயில் உண்டு பழகிய நமக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை.

குடெக் என்பது பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் மணிக்கணக்காக, பெரும்பாலும் இரவு முழுவதும், சிறு தீயில் வேகவைத்து எடுப்பது. அந்த வெல்லத்தைத் தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கிறார்கள். சிரட்டையில் ஊற்றி வார்த்த கட்டிகளைப் பார்த்தால் நம் கருப்பட்டி என்றே தோன்றும். பலாவுக்கு ஏறும் செம்பழுப்பு நிறம் தேக்கிலையிலிருந்து வருகிறது. சிறுவயதில் தேக்கின் கொழுந்தைக் கசக்கி உள்ளங்கையைச் சிவக்கவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாழையிலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குக் குத்திய பிஞ்சுக் என்னும் தொன்னையில் சோறு, குடெக், பழுப்பேறிய முட்டை, இனிப்பாக வேகவைத்த தெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி ஆகியவற்றை வைத்து, மேலே அரெஹ் எனப்படும் கெட்டியான தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. நான் கறியைத் தனியே சுவைக்கும் என் வழக்கப்படி பலாவை மட்டும் எடுத்து வாயில் இட்டேன். சோற்றுக்குப் பாயசத்தைத் தொட்டுக்கொண்டது போல இருந்தது. என் முகத்தைக் கண்ட மூதாட்டி, பேச்சு எதுவுமின்றி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையுமாறு கையால் சைகை காட்டினார். அந்தச் சிவப்புத் துண்டுகள் கிரெச்செக். மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைத்த மாட்டுத்தோல். அதன் காரமும் அரெஹ்வின் உப்பும் சேர்ந்தபோதுதான் பலாவின் இனிப்புக்கு அங்கே என்ன வேலை என்பது விளங்கியது.

ஜாவாவின் நடுப்பகுதியில் உணவு இத்தனை இனிப்பாக இருப்பதற்கு, 1830இல் டச்சுக்காரர்கள் தொடங்கிய கட்டாயப் பயிர்த்திட்டத்தால் கரும்பு பெருகியதே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது முழுமையான விளக்கமாகப் படவில்லை. குடெக்கில் விழுவது கரும்புச் சர்க்கரை அன்று, தென்னை வெல்லமே.

மரக்கறி உண்பவர்கள், கிரெச்செக்கை ஒதுக்கிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். சில இடங்களில் கோழியும் முட்டையும் பலாவோடு ஒரே பானையில் வேகின்றன. உட்காரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. தேநீரும் சொல்லாமலே இனிப்பாகத்தான் வரும். சூடு, இனிப்பு, கெட்டி ஆகிய மூன்றுக்கும் உரிய ஜாவானியச் சொற்களைச் சுருக்கி 'நஸ்கிதெல்' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். சர்க்கரை வேண்டாதவர்கள் 'தே தாவார்' என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை, அந்தக் காரத்துக்குப் பிறகு, மல்லிகை மணத்தோடு வந்த அந்த இனிப்புத் தேநீர் எனக்கு வேண்டியே இருந்தது.