மருத்துவக் குறியீட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் உங்கள் மகள் வாசித்துப் பார்க்க வேண்டியது

அன்புள்ள அம்மாவுக்கு,

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்குரிய இசட் புள்ளி கிடைக்காத உங்கள் மகளை வெள்ளவத்தையில் நடைபெறும் மருத்துவக் குறியீட்டுப் பயிற்சி ஒன்றில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைத்தியத்துறைக்குள் நுழைய இது ஒரு பின்வாசல் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இது நோயாளியைத் தொடும் வேலையன்று. வைத்தியர் எழுதியதை வாசித்து, அதில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறிந்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணை இடும் வேலை. அந்த வாசிப்பில் பிள்ளைக்கு நாட்டம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்ளலாம்.

அதற்கு நான் மாணவர்களிடம் கொடுப்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண், அறுதல் என்ற ஒரே விடயத்தைத்தான். ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு தரும் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் எம் 66 என்ற பிரிவு தானாக அறும் தசைநாண்களுக்கு உரியது. பலம் குன்றியதாகக் கருதப்படும் இழையத்தின் மீது சாதாரண விசை பட்டு அது அறுந்தால் மட்டுமே இப்பிரிவு பொருந்தும். நல்ல நிலையில் இருந்த தசைநாண் வழமைக்கு மீறிய விசையால் அறுந்தால் அது காயம். எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் காயக் குறியீடுகளுக்குள் போய்விடும்.

பூப்பந்து விளையாடும்போது திடீரெனப் பாய்ந்த முப்பது வயது இளைஞருக்கு வலது குதிகால் தசைநாண் அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வகைப்பாட்டின் அமெரிக்கப் பதிப்பில் இது எஸ் 86.011 ஏ. கடைசியில் ஏழாவது எழுத்தாக வரும் ஏ, நோயாளி முதன்முறை வந்தார் என்பதைக் குறிப்பதாகப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். காயத்துக்கான நேரடிச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை, எத்தனையாவது வருகையானாலும், அந்த எழுத்தே வரும். குணமடையும் காலத்து வருகைகளுக்கு டி (D), பின்விளைவுகளுக்கு எஸ். மறுபுறம், நீண்டகாலமாக ருமட்டோயிட் மூட்டுவாதத்துக்கு ஸ்டீரோயிட் எடுத்துவரும் அறுபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர், போத்தல் மூடியைத் திறக்கும்போது வலது பெருவிரலை நிமிர்த்த முடியாமல் போய், நிமிர்த்தும் தசைநாண் தானாக அறுந்திருப்பதாக வைத்தியர் எழுதினால், அது எம் 66.241. இங்கே ஏழாவது எழுத்து கிடையாது. மூட்டுவாதத்துக்கும் நீண்டகால ஸ்டீரோயிட் பாவனைக்கும் தனித்தனிக் குறியீடுகள் சேர்க்கப்பட வேண்டும். தோளின் சுழற்சித் தசைநாண்கள் காயமின்றி அறுந்தால் எம் 66 ஐ நாடக் கூடாது. அதற்கு எம் 75.1 என்ற தனி இடம் உண்டு.

இனி, இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். சிப்ரோபுளொக்சசின் போன்ற புளூரோகுவினொலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண் அறுவதற்கு வழிவகுக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 ஆம் ஆண்டு தன் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையை வெளியிட்டது. அறுபது வயதைக் கடந்தோருக்கும் ஸ்டீரோயிட் எடுப்போருக்கும் ஆபத்து அதிகம். நோயாளியின் பதிவில் அந்த மருந்தின் பெயரும் இருக்கிறது, குதிகால் தசைநாண் அறுந்ததும் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஒன்றால் மற்றது நேர்ந்தது என்று வைத்தியர் எழுதவில்லை என்றால், உயிரியல் படித்த பிள்ளைக்கு அந்தத் தொடர்பு உடனே புலப்படும்; புலப்பட்டாலும் குறியீட்டாளர் அதைத் தானாக இணைக்கக் கூடாது. வைத்தியரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அதுவும், எதிர்பார்க்கும் பதிலை வைத்தியரின் வாயில் திணிக்காத வகையில் கேட்க வேண்டும். அவர் தொடர்பை உறுதிப்படுத்தினால், தசைநாண் அறுந்ததற்கான குறியீடு முதலிலும் மருந்தின் பாதக விளைவுக்கான டி (T) 36.8 எக்ஸ் 5 ஏ அதன் பின்னரும் வரும். எந்தத் தசைநாண், நிமிர்த்துவதா மடக்குவதா, உடலின் எந்தப் பகுதி, வலமா இடமா, எப்படி நேர்ந்தது என்பவற்றில் ஒன்று குறைந்தாலும் குறியீடு தெளிவற்றதாகி, காப்புறுதி நிறுவனம் கட்டணத்தை மறுக்க இடமுண்டு. அதைவிடப் பாரதூரமானது, அந்த நோயாளியின் பதிவில் ஒரு பிழையான வரலாறு தங்கிவிடுவதாகும்.

கொழும்பில் இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் அமெரிக்க வைத்தியசாலைகளின் கணக்குகளைக் கையாளும் வேலைகளையே குறிவைக்கின்றன. எங்கள் அரச வைத்தியசாலைகளிலும் விடுதி நோயாளரின் நோய்நிர்ணயம் இதே வகைப்பாட்டின்படி குறியிடப்படுகிறது. ஆனால் அது புள்ளிவிபரத்துக்கானது, வலம் இடம் வரை போகாதது, அதற்கான ஆட்சேர்ப்பும் அரச சேவை வழியே நடப்பது. ஆகவே, பயிற்சி நிலையம் அமெரிக்கப் பதிப்பைக் கற்பிக்கிறதா, சிகிச்சைமுறைகளுக்கான சி.பி.டி. குறியீடுகளும் பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 1 ஆம் திகதி நோய்க் குறியீடுகள் புதுப்பிக்கப்படுவதால், பழைய நூலை வைத்துக் கற்பிக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அவர்கள் வழங்கும் உள்ளூர்ச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். வேலை வழங்குவோர் பெரிதும் மதிப்பது, அமெரிக்கக் குறியீட்டாளர் அமைப்பான ஏ.ஏ.பி.சி. பரீட்சை வைத்து வழங்கும் சி.பி.சி. தகைமையை. நான்கு மணித்தியாலத்தில் நூறு வினாக்கள், குறைந்தது எழுபது வீதம் பெற வேண்டும். அனுபவம் நிரூபிக்கப்படும் வரை பயிலுநர் என்ற அடையாளம் பெயரோடு ஒட்டியிருக்கும். பரீட்சைக் கட்டணம், வருடாந்த அங்கத்துவம், நூல்கள் அனைத்தும் டொலரில் என்பதால், பயிற்சிக் கட்டணத்துக்கு மேல் இவற்றையும் கணக்கிட்டே முடிவெடுங்கள். இரவு வேலையைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். கோப்புகளை வாசித்துக் குறியிடுவது தொலைபேசி வேலை அன்று என்பதால் பகலிலும் செய்யக்கூடியது; கட்டணம் மறுக்கப்பட்டதைப் பேசித் தீர்க்கும் பிரிவுகளே அமெரிக்க நேரத்துக்கு இயங்க வேண்டியவை. எந்தப் பிரிவுக்கு எடுக்கிறார்கள் என்பதை நியமனக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன மூன்று நோயாளர்களின் விபரங்களையும் மகளிடம் கொடுத்து, குறியீட்டு எண்களைத் தேடாமல், ஒவ்வொருவரைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளுடன் இருவரும் என்னை வந்து சந்தியுங்கள். அதைப் பார்த்த பின்னர் கட்டணத்தைப் பற்றிப் பேசுவோம்.