குஞ்சு முழுதாக வளர்ந்தும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போவது ஏன்?

கேள்வி: சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கி 20 கோழி முட்டை வைத்தேன். திரையில் 37.5 டிகிரி காட்டிக்கொண்டே இருந்தது. முதல் நாளிலிருந்தே இரண்டு தண்ணீர்க் குழியையும் நிரப்பி, ஈரப்பதம் 70-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன், காற்றுத் துளையைக்கூட அடைத்தே வைத்திருந்தேன். 5 முட்டையில் கருவே இல்லை. 4 குஞ்சுகள் மட்டும் 22ஆம் நாள் ராத்திரியும் 23ஆம் நாளுமாக வெளியே வந்தன. மீதி 11 முட்டையையும் உடைத்துப் பார்த்தால் குஞ்சு முழுதாக வளர்ந்து, சொதசொதவென்று நனைந்து செத்துக் கிடக்கிறது. நடுவில் ஒருநாள் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, அதனாலா? மெஷினை மாற்ற வேண்டுமா?

பதில்: மெஷினை மாற்ற வேண்டாம். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாததும் இவ்வளவு சேதத்துக்குக் காரணமாக இருக்காது. அடைக்கோழியே தினமும் முட்டையை விட்டு இறங்கி இரை தின்றுவிட்டுத்தான் வருகிறது, கொஞ்ச நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். தாங்காதது அதிகச் சூடுதான்.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு துப்பு இருக்கின்றன. 21ஆம் நாள் வர வேண்டிய குஞ்சு 23ஆம் நாள் வந்திருக்கிறது என்றால், வெப்பம் நெடுகக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறது. செத்தவை நனைந்து கிடந்தன என்றால், ஆரம்பத்திலிருந்தே ஈரம் அதிகம். திரையில் எந்த எண் வேண்டுமானாலும் ஓடட்டும், முட்டை சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

முதலில் ஈரம். நிறையப் பேர் செய்வதுதான் இது, ஈரம் இருந்தால் நல்லது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் முட்டை காய வேண்டும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறினால்தான் மழுங்கிய பக்கத்தில் இருக்கும் காற்றறை பெரிதாகும். பொரிக்கும் முன் குஞ்சு தன் அலகால் உள்சவ்வைக் குத்தி, அந்த அறையில் இருக்கும் காற்றைத்தான் முதன்முதலாக மூச்சாக இழுக்கிறது. ஈரம் அதிகமாக இருந்தால் தண்ணீர் போக வழியில்லை, காற்றறை சிறுத்தே நிற்கும், குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் கிடக்கும். உங்கள் 11 குஞ்சுகளும் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கின்றன.

ஆகவே முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 45 முதல் 55 வரை போதும். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் தண்ணீரே ஊற்றாமல் அந்த அளவு வந்துவிடும், அப்போது ஊற்றாதீர்கள். கடைசி மூன்று நாள்தான் 65, 70 என்று ஏற்ற வேண்டும், அப்புறம் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஏற்றுவதற்குத் தண்ணீர் ஆழமாக இருந்து பயனில்லை, பரப்பு வேண்டும்; அகலமான தட்டு அல்லது நனைத்த ஸ்பாஞ்ச் வைத்தால் சட்டென்று ஏறும். ஈரம் போய்விடுமே என்று காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள், கடைசி நாட்களில்தான் குஞ்சுக்குப் பிராணவாயு அதிகம் தேவை.

ஈரப்பதம் சரியா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். 18 நாளில் ஒரு முட்டை தன் எடையில் 12 சதவீதம் அளவுக்கு இழக்க வேண்டும். 10 முட்டை சேர்ந்து 500 கிராம் என்றால், 7ஆம் நாள் 477 பக்கமும், 14ஆம் நாள் 453 பக்கமும், 18ஆம் நாள் 440 பக்கமும் வர வேண்டும். 7ஆம் நாள் 490 காட்டுகிறதா, தண்ணீரைக் குறையுங்கள். 465-க்குப் போய்விட்டதா, கூட்டுங்கள். ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே போனால் கவலை வேண்டாம். இருட்டில் மழுங்கிய பக்கம் டார்ச் அடித்தாலும் காற்றறையின் விளிம்பு கோடு போலத் தெரியும், அதைப் பென்சிலால் வரைந்துவைத்தால் வாரா வாரம் அது கீழே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து வெப்பம். சின்ன மெஷின்களின் திரையை நம்பி வைப்பதில்தான் பாதிப் பிரச்சினை. சென்சார் மூடியில் இருக்கும், முட்டை கீழே இருக்கும். தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், அதையும் அப்படியே நம்பாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் ஒன்றாக முக்கி, இரண்டும் ஒரே எண் காட்டுகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 37, 38 டிகிரி வாக்கில்தான் மிகத் துல்லியமாக இருக்கும், நமக்கு வேண்டியதும் அதே இடம்தானே. வித்தியாசம் அரை டிகிரி என்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு முட்டையின் மட்டத்தில் வையுங்கள். ஃபேன் உள்ள மெஷின் என்றால் 37.5. ஃபேன் இல்லை என்றால் மேலே சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இருக்கும், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 பக்கம் வைக்க வேண்டும். உங்களுடையதில் ஃபேன் இருக்கிறதா என்று சொல்லவில்லை, இல்லாமல் 37.5-இல் ஓட்டியிருந்தால் இரண்டு நாள் தாமதத்துக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். முட்டை வைக்கும் முன் ஒருநாள் முழுக்கக் காலியாக ஓட்டிப் பாருங்கள்.

ஈரப்பதமானிக்கும் சோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி 7 குறைவாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கரு இல்லாத 5 முட்டைக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் இருக்காது. சேவல் சேராததாக இருக்கலாம், அல்லது பழைய முட்டையாக இருந்து கரு தொடக்கத்திலேயே போயிருக்கலாம். 7 நாளுக்குள் சேர்த்த முட்டையாக எடுங்கள், கழுவாதீர்கள். திருப்பிவிடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கையால் என்றால் நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை, ஒற்றைப்படையாக, அப்போதுதான் நீண்ட ராத்திரியில் தினமும் ஒரே பக்கம் படுத்திருக்காது. 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பிறகு மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு விரிசல் விழும், அப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. குஞ்சு சும்மா இல்லை, சவ்வில் இருக்கும் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் கொட்டும். விரிசல் விழுந்து 24 மணி நேரம் கழிந்தும் அசைவே இல்லாமல், சவ்வு காகிதம் போல வெளுத்துக் காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து ஓரமாகக் கொஞ்சம் விலக்கலாம். சிவப்பு தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். பொரித்த குஞ்சு ஒருநாள் உள்ளேயே இருந்து இறகு காயட்டும், பட்டினி கிடக்காது, வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும்.

அடுத்த முறையும் 23ஆம் நாள் முடிந்து மிஞ்சுவதை உடைத்துப் பார்த்துவிட்டே எறியுங்கள். சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் முதல் வாரத்தில் செத்தது. வெப்பம் ஏறி இறங்கியதா, முட்டை பழசா என்று யோசியுங்கள். முழுக் குஞ்சு நனைந்திருந்தால் மறுபடியும் ஈரம் அதிகம். காய்ந்து சவ்வோடு ஒட்டியிருந்தால் கடைசியில் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். அது யார் என்று வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.