அடியில "வெட்ஜ்வுட் அண்ட் கோ"னு இருக்கற பழைய இங்கிலீஷ் டீபாட், இது ஒரிஜினல் வெட்ஜ்வுட் தானா?

நீங்க சொன்னது இதுதான்: அடியில நீலக் கலர்ல "வெட்ஜ்வுட் அண்ட் கோ", அதுக்குக் கீழ "இங்கிலாந்து", கூடவே "ஏஷியாட்டிக் ஃபெசன்ட்ஸ்"னு ஒரு பேரு. கடைக்காரர் இது ஜொசையா வெட்ஜ்வுட்ங்கற பேர்போன இங்கிலீஷ் பீங்கான்காரர் ஆரம்பிச்ச கம்பெனியோட பீங்கான்னு சொல்லி வித்திருக்கார்.

அது இல்லீங்க. ஜொசையா ஆரம்பிச்ச கம்பெனி அவங்க சாமான்ல பெரும்பாலும் வெறும் "வெட்ஜ்வுட்"னுதான் போடுவாங்க, "அண்ட் கோ" சேர்த்தா அது வேற ஆளு. இங்கிலாந்துல ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் டன்ஸ்டால்னு ஒரு ஊர், அங்க பாட்மோர் வாக்கர்னு இருந்த கம்பெனிதான் 1860 வாக்குல, பார்ட்னரா இருந்த ஈனக் வெட்ஜ்வுட் பேர்ல, வெட்ஜ்வுட் அண்ட் கோ ஆச்சு. பெரிய வெட்ஜ்வுட் 1980ல இவங்களையும் வாங்கிட்டாங்க, அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் விக்கிறவங்க ரெண்டையும் போட்டு குழப்புறாங்க. இதுல இன்னொன்னும் இருக்கு, இங்கிலாந்துலயே ஸ்டாக்டன்ங்கற ஊர்ல வில்லியம் ஸ்மித்னு ஒருத்தர் நடுவுல ஒரு "ஈ" எழுத்து கூட சேர்த்து அதே பேர அடிச்சு வித்தார், ஜொசையா குடும்பத்துக் கம்பெனி 1848ல கோர்ட்டுக்குப் போய்தான் அத நிறுத்துனாங்க. அதனால பேர எழுத்தெழுத்தா படிங்க, அவசரமே வேண்டாம்.

ஏஷியாட்டிக் ஃபெசன்ட்ஸ்ங்கறது டிசைன் பேரு, செஞ்சவங்க பேரு கிடையாது. விக்டோரியா காலத்துல அந்த டிசைன எத்தனையோ கம்பெனிங்க அடிச்சாங்க, வில்லோ டிசைனும் அப்படித்தான், அத வச்சு யாருன்னு சொல்லவே முடியாது. சிங்கமும் ஒத்தைக்கொம்புக் குதிரையும் நிக்கிற இங்கிலீஷ் அரச சின்னம் இருந்தாலும் அதேதான், கண்டவங்களும் அத போட்டுக்கிட்டாங்க.

காலத்துக்கு "இங்கிலாந்து"ங்கற வார்த்தைதான் நல்ல சாட்சி. அமெரிக்காவுல மெக்கின்லி வரிச்சட்டம் வந்து, இறக்குமதி ஆகற சாமான்ல எந்த நாடுன்னு போட்டே ஆகணும்னு 1891லேர்ந்து கட்டாயமாச்சு, அதுக்கப்புறம்தான் இது பரவலா வருது. "மேட் இன் இங்கிலாந்து"ன்னா பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. இந்தக் கம்பெனி 1900ல லிமிடெட் ஆச்சு, உங்க முத்திரையில "லிமிடெட்" இல்லைன்னா 1890கள்ல செஞ்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

இன்னும் உறுதியா தெரியணும்னா ஆர்டி நம்பர் இருக்கான்னு பாருங்க, அது டிசைன பதிவு பண்ண நம்பர், 1884ல ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு 1900 வரும்போது மூணரை லட்சம் கிட்ட போயிருச்சு, உங்க நம்பர் பதிவான வருஷத்துக்கு முன்னாடி அந்த டீபாட்ட செஞ்சிருக்க முடியாது. களிமண்ணுல அழுத்துன எழுத்து மங்கலா இருந்தா டார்ச்ச பக்கவாட்டுல அடிங்க, இல்ல மெல்லிசு பேப்பர் வச்சு பென்சிலால தேய்ங்க, தெளிவா வந்துரும். ப்ளீச் மட்டும் ஊத்திராதீங்க, மேல இருக்கற பழைய கிளேஸ்ல, அதாவது பளபளப்புப் பூச்சுல, விரிசல் வழியா உள்ள இறங்கி பாழாக்கிரும்.

ஜொசையாவோடது இல்லைன்னு மனசு விட்றாதீங்க, இந்த டன்ஸ்டால் ஆளுங்க இந்த டிசைன ரொம்ப நல்லா அடிச்சவங்க, எனக்கு அந்த வெளிறுன நீலம் ரொம்பப் பிடிக்கும். மூடி அதே செட்டுதானான்னும் ஒருதடவ பாருங்க, நீலம் ஒத்துப்போகலைன்னா பின்னாடி யாரோ மாத்துனது.