சிசேரியனா, சுகப்பிரசவமா? கடலூர் மகப்பேறு மருத்துவர் பதில்கள்

நெல்லிக்குப்பம் வாசகி: கேஸுக்குப் பயந்துதானே மேடம் உடனே சிசேரியன்னு சொல்றீங்க?

பயம் உண்டு. காத்திருந்து குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், "ஏன் முன்னாடியே ஆபரேஷன் பண்ணல?" என்பார்கள். தேவையில்லாமல் அறுத்ததாக வழக்குப் போடுபவர் அரிது. ஆனால் 2005இலேயே ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கடுமையான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மேல் குற்ற வழக்கு. வலி அடங்கிய பிறகும் சிடிஜி (குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் கருவி) தாளில் துடிப்பு 90லேயே இருந்தால் அந்தத் தீர்ப்பெல்லாம் ஞாபகம் வராது, தியேட்டருக்கு ஓடத்தான் தோன்றும். அது சரியான அவசரம். சிக்கலே இல்லாத பெண்ணுக்கும் விடாமல் சிடிஜி மாட்டி வைப்பதால் சிசேரியன்தான் கூடுகிறது, மூளைவாதம் குறையவில்லை.

பண்ருட்டி: ஸ்கேன்ல குழந்தை கழுத்துல கொடி சுத்தியிருக்காம்.

ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு இருக்கும். அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

வில்லியனூர்: முதலாவது சிசேரியன். அடுத்தது நார்மல் ஆகுமா?

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்குத் தழும்பு என்றால் முயலலாம். அது பிரியும் வாய்ப்பு சுமார் 200இல் ஒன்று. ராத்திரியிலும் மயக்க டாக்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் இடம் வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஜிப்மரில் கேளுங்கள். சின்ன நர்சிங் ஹோம் மறுத்தால் கோபப்படாதீர்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி மறுபடியும்: உங்க பயத்துக்கு எங்க வயிறா?

நியாயமான கோபம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன், அரசில் 36. குற்றவியல் சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் வித்தியாசம் முழுவதையும் பயத்தின் தலையில் கட்ட முடியாது. தனியாரில் ஒரே டாக்டர் விடிய விடியக் காத்திருக்கணும், பணக்கணக்கும் இருக்கிறது. சக மருத்துவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: எத்தனை மணிக்குக் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது, துடிப்பு எவ்வளவு, ஏன் முடிவை மாற்றினோம் என்று அப்போதைக்கப்போதே எழுதுங்கள். நம்மைக் காப்பது அந்தக் கேஸ் ஷீட்தான், கத்தி இல்லை.

பாகூர்: ஜோசியர் 37வது வாரத்துல நாள் குறிச்சிருக்கார்.

வேண்டாம். காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறும் வாய்ப்பு கூடும்.

லாஸ்பேட்டை: கொடி சுத்தினா சிசேரியன்தானா?

பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிதம்பரம்: என் மனைவிக்காகக் கையெழுத்துப் போட்டுட்டேன். இனி கேஸ் போட முடியாதா?

அலட்சியம் நடந்திருந்தால் கையெழுத்து தடை இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகணும். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அதில் வராது. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு முன் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தரணும். அப்புறம், மனைவி சுயநினைவோடு இருந்தால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான், நீங்கள் இல்லை.