எத்தனை வாட் என்று கேளுங்கள்: கேமிங் லேப்டாப் கேள்வி பதில்

அண்ணா, நண்பனிடமும் என்னிடமும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் சிப் போட்ட லேப்டாப்தான். கம்பெனி மட்டும் வேறு. ஒரே கேம், ஒரே செட்டிங். ஆனால் அவனுக்கு ஓடுகிற வேகம் எனக்கு வரவில்லை. என்னுடையது போலியா?

போலி இல்லை தம்பி. பெயர் ஒன்று, போடுகிற தீனி வேறு. லேப்டாப்பில் வருகிற 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அந்த சிப்பைத் தயாரிக்கும் என்விடியா விட்டிருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பவர் முடிவு. மெலிதான உடம்பில் சூட்டை வெளியே தள்ள இடம் இருக்காது; அதனால் வாட்டில் கை வைத்துவிடுவார்கள். ஸ்டிக்கரில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர்.

என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே ஓரத்தில் இருக்கும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியில் உங்கள் கணக்கு தெரிந்துவிடும். வாங்கும் முன் பார்ப்பதென்றால், விவரப் பட்டியலில் டிஜிபி என்று போட்டிருப்பார்கள்; கிராஃபிக்ஸுக்குக் கொடுக்கும் வாட் அதுதான். அந்த எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால், குறைவு என்றே நான் எடுத்துக்கொள்வேன். 4060-க்கு 100 வாட் இருந்தால் போதும், அதற்கு மேல் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் போட்டு 4070 வாங்கிவிடலாமா?

மேசைக் கணினியின் 4070-ஐ மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கிராஃபிக்ஸ் மெமரி 12 ஜிபி. லேப்டாப் 4070-இல் 8 ஜிபிதான், 4060-இலும் அதே 8 ஜிபி. கேமில் பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கும். நானாக இருந்தால் அந்தப் பணத்தை நல்ல திரைக்குப் போடுவேன்.

நல்ல திரை என்றால்? 144 ஹெர்ட்ஸ் போதுமா, 165 வேண்டுமா?

கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விடுங்கள். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. 60-இலிருந்து 144-க்கு வரும்போதுதான் துள்ளல் தெரியும்: ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 17 மில்லிசெகண்ட் இருந்தது 7 ஆகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வண்ணம். திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற இரண்டு அளவுகளில் சொல்வார்கள். 45% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். 100% எஸ்ஆர்ஜிபி என்று தேடுங்கள்.

ப்ராசஸரில் ரைசன் 7 7735எச்எஸ், ரைசன் 5 7640எச்எஸ் என்று இரண்டு இருக்கிறது. 7 தானே பெரிது?

பெயரில் பெரிது. ஏஎம்டியின் இந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ப்ராசஸரின் உள்வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதை அது சொல்லும்; அதற்கு ஏஎம்டி வைத்த பெயர் ஜென். 7735-இல் அது 3, அதாவது பழைய ஜென் 3 தலைமுறை. 7640-இல் 4, ஜென் 4. முதலாவதில் 8 கோர், அடுத்ததில் 6 கோர்தான். இருந்தாலும் கேமுக்கு நான் 7640-ஐத்தான் எடுப்பேன்.

16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக வருகிறது. பரவாயில்லையா?

வாங்கலாம், ஆனால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். பின்னால் அதே அளவில் ஒன்று சேர்த்துவிடுங்கள். ஒற்றைக் குச்சியில் ரேமின் பாதை பாதியாகிவிடும்; கேம் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று திக்கும். ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மாடல் என்றால், தேவையானதை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

சார்ஜர் இல்லாமல் விளையாட முடியுமா?

சீட்டாட்டம் விளையாடலாம்.

விளையாடும்போது ப்ராசஸர் 95 டிகிரி காட்டுகிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்பட வேண்டாம். இப்போதைய ப்ராசஸர்கள் ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தொட்டதும் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரியாது, ஆனால் அந்தக் குறைகிற வேகம் உங்கள் கேமிலிருந்துதான் போகிறது. முதலில், மெத்தையில் வைத்து விளையாடுகிறீர்களா? பெரும்பாலான மாடல்கள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும். மெத்தை அதன் வாயைப் பொத்திவிடும். மேசையில் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். கூலிங் பேட் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். என்னுடையது இரண்டு வருடமாக இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகள் மேல்தான் நிற்கிறது. அதில் ஒன்று நீலம், ஒன்று பச்சை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான்.