ஜெய்சல்மேருக்கு எப்போது கிளம்பலாம்? பாலைவனப் பருவநிலை: கேள்வி–பதில்

கேள்வி: ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்சல்மேருக்கு 'அக்டோபர் முதல் மார்ச் வரை' போகலாம் என்கிறார்கள். ஆறு மாதமும் ஒரே மாதிரியா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. அக்டோபர் முதல் பாதியில் பகல் வெப்பம் இன்னும் 36, 37 டிகிரி. கோட்டைக்குள் காலை பத்து மணிக்கே கல் சுட ஆரம்பித்துவிடும். மார்ச் கடைசியில் அதே 37 திரும்பி வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் டிசம்பர் 20 முதல் ஜனவரி 20 வரை பகல் சுகம், இரவு கடுங்குளிர்.

என் தேர்வு இரண்டு துண்டுகள். ஒன்று, நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை: பகல் 27–30, இரவு 10–14. இன்னொன்று, பிப்ரவரி முதல் மூன்று வாரம்: பகல் 27, இரவு 11. காலையிலும் மாலையிலும் ஒரு ஸ்வெட்டர் போதும், நடுப்பகலில் சட்டையோடு நடக்கலாம்.

தீபாவளிக்கு அடுத்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வானிலையில் குறை இல்லை. குஜராத்தில் அப்போது விடுமுறை, குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்துவிடுவார்கள். அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும், மணல்மேட்டில் ஜீப் வரிசை நிற்கும்.

கேள்வி: மூன்று நாள் போகிறோம். என்ன உடை எடுத்துப்போவது? (பெயர், ஊர் இல்லை)

பதில்: எந்த மாதம் என்றும் இல்லை! ஜனவரிக்குக் கம்பளித் தொப்பி வேண்டும், ஜூனுக்குத் தளர்வான பருத்தி முழுக்கை வேண்டும். மாதத்தையும், இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதையும் எழுதாமல் பருவநிலைக் கேள்வி அனுப்பாதீர்கள். எந்த மாதமானாலும் பொருந்தும் மூன்று: முழுக்கைச் சட்டை, மூக்கையும் வாயையும் மூட ஒரு பருத்தித் துண்டு, மூடிய ஷூ. செருப்போடு மணலில் ஏறினால் கோடையில் கால் பொசுங்கும், குளிர்காலத்தில் விறைக்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. வேலூரில் 42 டிகிரியைப் பார்த்தவர்கள் நாங்கள், ஜெய்சல்மேர் 43 எங்களை என்ன செய்துவிடும்? ஹோட்டலும் பாதி விலைக்குக் கிடைக்கிறது. (வேலூர் வாசகர்)

பதில்: ஒவ்வொரு வருடமும் இந்தக் கடிதம் வருகிறது, ஒவ்வொரு வருடமும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். வெறும் டிகிரியை வைத்து இரண்டு ஊரை ஒப்பிடாதீர்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் உண்டு. வியர்வை வழியும், சட்டை ஒட்டும், கசகசவென்று இருக்கும், நாமாகவே நிழலுக்கு ஒதுங்குவோம். தார் பாலைவனத்தில் மே மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 15–20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடுவதால் உடம்பு காய்ந்தே இருக்கும். 'எனக்கு வியர்க்கவே இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று நடந்துகொண்டே இருப்பார்கள். அதற்குள் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் உடம்பை விட்டுப் போயிருக்கும். சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தால், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், தலை வலித்தால் ஏற்கெனவே தாமதம் என்று பொருள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது 'லூ'. மே, ஜூனில் மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்று. வேலூரில் காற்று வந்தால் கொஞ்சம் ஆறுதல். அங்கே காற்றே தோலைவிடச் சூடாக வருவதால் வீசவீச உடம்பு சூடேறும். கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையும் அங்கே ஆபத்து. ஊர்க்காரர்கள் தலைப்பாகையும் முழுக்கையுமாக மூடிக்கொண்டு நடப்பது இதனால்தான். சாயங்காலங்களில் 'ஆந்தி' எனும் புழுதிப் புயல் வரும். சில நிமிடங்களில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. வண்டியில் இருந்தால் சாலையை விட்டு இறங்கி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள்.

43 என்பது சராசரியை ஒட்டிய நாள்தான். ஜெய்சல்மேர் போகும் வழியில் இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. இந்த அளவெல்லாம் நிழலில் எடுப்பது. வெயிலில் கிடக்கும் மணலின் மேற்பரப்பு 60ஐத் தாண்டும். ஊர் மேற்கே ஒதுங்கி இருப்பதால் வெப்பத்தின் உச்சமும் தள்ளிப்போகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் மூன்றரை மணிக்கு 'வெயில் தாழ்ந்துவிட்டது' என்று கிளம்புவீர்கள், அங்கே அதுதான் உச்சி.

விலை பாதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மணல்மேட்டுக் கூடாரங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஒட்டகச் சவாரி நடந்தாலும் விடியலில் ஒரு மணி நேரம்தான். மூன்று நாள் தங்கினால் வெளியே கழிக்க முடிவது மொத்தம் பதினைந்து மணி நேரம்.

அப்படியும் போய்த்தான் ஆகவேண்டும் என்றால்: காலை 6 முதல் 9.30 வரை வெளியே. மாலை 6 வரை உள்ளே. பிறகு கடீசர் ஏரிக்கரை. மே மாதம் அங்கே சூரியன் மறைய ஏழரை ஆகும், நேரம் இருக்கிறது. அறையைக் கீழ்த்தளத்தில் கேளுங்கள். மேல்மாடி மணற்கல் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை விடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். இங்கேயும் தவறு செய்கிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு அளவு மீறி, நிலைமை இன்னும் மோசமாகும். சிறிய பாக்கெட் 200 மில்லிக்கு, பெரியது ஒரு லிட்டருக்கு. உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். பாட்டிலில் விற்கும் குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது.

யாராவது உளறினால், தடுமாறினால், உடம்பு கொதித்தால் ஓய்வெடுக்கட்டும் என்று விடாதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, துணியை நனைத்து உடம்பு முழுவதும் ஒற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காலாண்டு விடுமுறையும் உதவாது, செப்டம்பர் கடைசியில் பகல் இன்னும் 37. அரையாண்டு விடுமுறைதான் உங்களுக்கு ஏற்றது. கூட்டம் இருக்கும், விலை ஏறும், இரண்டு மாதம் முன்னால் பதிவு செய்யவேண்டும். ஆனால் பிள்ளைகள் வெளியே ஓடியாடலாம். காசு மிச்சம் என்பதற்காகக் குழந்தைகளை மே மாதம் அழைத்துப் போகாதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் சாம் மணல்மேட்டில் ஒரு இரவு கூடாரம். 68 வயது அம்மாவும் ஐந்து வயது மகளும் வருகிறார்கள். செல்பேசியில் 24 டிகிரி என்று காட்டுகிறது, ஸ்வெட்டர் தேவையா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: நீங்கள் பார்த்தது பகல் அளவு. மறுபடியும் சொல்கிறேன்: பாலைவனத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இரவு வெப்பநிலை. அதே நாள் ஊருக்குள் இரவு 7, 8 இருக்கும். 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாமில் இன்னும் மூன்று நான்கு டிகிரி குறையும். மணலில் ஈரம் இல்லை, வானில் மேகம் இல்லை, பகலில் வாங்கிய சூடு பொழுது சாய்ந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த அலைகளால் இரண்டு நாள் மேகமூட்டமும் தூறலும் இருக்கும், இதை அங்கே 'மாவட்' என்பார்கள். அந்த இரவுகள் அவ்வளவு குளிராது. மேகம் கலைந்து வடகாற்று அடிக்கும் மறுநாள் இரவுதான் எலும்பைத் துளைக்கும். அந்த ஒரு இரவு உங்கள் கூடார இரவாக அமைந்துவிட்டால் அம்மாவுக்குக் கஷ்டம். முடிந்தால் அவரையும் குழந்தையையும் ஊரில் கல் கட்டடத்தில் தங்கவைத்து, சாமில் மாலையை மட்டும் கழித்துத் திரும்பிவிடுங்கள். கூடாரம்தான் என்றால் ஆளுக்கு இரண்டு ரஜாய் (பஞ்சுப் போர்வை) தருவார்களா, குளியலறை கூடாரத்தோடு சேர்ந்ததா, வெந்நீர் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட பனியன், முழுக்கை, ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேலங்கி என்று அடுக்குவது நல்லது. காதும் பாதமும் மூடியிருக்கட்டும். கூடாரத்துக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், மூடிய இடத்தில் கரிப்புகை உயிரைக் குடிக்கும்.

கேள்வி: ஆகஸ்டில் மழை பெய்யுமா? (கோவை வாசகர்)

பதில்: பெய்யும் நாட்கள் குறைவு. ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 200 மி.மீ., சென்னையில் சில சமயம் ஒரே நாளில் கொட்டுகிற அளவு. பெரும்பகுதி ஜூலை–செப்டம்பரில். ஆனால் அது இரண்டு மூன்று நாளில் மொத்தமாகக் கொட்டும் வழக்கம் உண்டு. 2006 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான பார்மரில் கவாஸ் கிராமமே மூழ்கியது. நிலத்தடியில் ஜிப்சம் அடுக்கு இருந்ததால் தண்ணீர் இறங்காமல் மாதக்கணக்கில் நின்றது. எச்சரிக்கை வந்தால் வறண்ட ஓடைகளைக் கடக்க முயலாதீர்கள்.

மற்றபடி சேவண் புல் துளிர்த்துப் பாலைவனம் பசேல் என்று இருக்கும், புழுதி அடங்கியிருக்கும். பகல் 36 டிகிரிதான், ஆனால் புழுக்கம். அறை எடுக்கும்போது ஒரு விஷயம்: தண்ணீர் ஊற்றும் கூலர் மே மாத வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும், ஆகஸ்டில் அறையை நசநசவென்று ஆக்கும். ஏ.சி. அறையாகப் பாருங்கள். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி ராம்தேவ்ராவில் பெரிய மேளா நடக்கும். ஜோத்பூர்–ஜெய்சல்மேர் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது, அப்போது இடம் கிடைக்காது.

கேள்வி: பாலைவனத் திருவிழா வருடா வருடம் எந்தத் தேதி? (சேலம் வாசகர்)

பதில்: ஆங்கிலத் தேதியில் தேடினால் குழம்புவீர்கள். வடக்கத்திய சந்திர மாதக் கணக்கில் மாக மாதப் பௌர்ணமியில் முடியும். நம் காலண்டரில் அது சில வருடம் தைப்பூசத்தை ஒட்டி வரும், சில வருடம் மாசி மகத்தை ஒட்டி. பௌர்ணமிக்கு முந்தைய மூன்று நாளையும் சேர்த்துப் பயணம் போடுங்கள்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் டெல்லி வழியாகப் போகிறோம். டெல்லியில் இறங்கி மூன்று மணி நேரத்தில் அடுத்த ரயில். போதுமா? (மதுரை வாசகர்)

பதில்: போதாது. டிசம்பர் பின்பாதி முதல் ஜனவரி முடிய டெல்லிப் பக்கம் மூடுபனி. ரயில் நான்கு மணி, எட்டு மணி தாமதம் சாதாரணம், காலை விமானங்களும் தள்ளிப்போகும். டெல்லி வழி என்றால் ஒரு இரவு இடைவெளி விடுங்கள். அகமதாபாத் வழியே ஜோத்பூர் போவது பத்திரம். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஐந்தாறு மணி நேரம்.

கேள்வி: சூரிய உதயம் பார்க்க எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? (புதுச்சேரி வாசகி)

பதில்: ஜனவரியில் அங்கே உதயம் ஏழரைக்கு மேல், சென்னையைவிட ஒரு மணி நேரம் தாமதம். ஆறேகாலுக்கு எழுந்தால் போதும். ஐந்து மணிக்கே மணல்மேட்டில் போய் உட்கார்ந்து குளிரில் நடுங்காதீர்கள். அஸ்தமனம் ஆறு, ஆறேகால்.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கூடாரத்தில் ஃப்ரிட்ஜ் இல்லையாம். (திருச்சி வாசகர்)

பதில்: டிசம்பர்–பிப்ரவரியில் பெரிய கவலை இல்லை, கூடாரத்துக்குள் நிழலான இடம் போதும். மற்ற மாதங்களில் மருந்தை நீர் புகாத உறையில் போட்டு, சிறு மண்பானைக்குள் வைத்து, வெளியே ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டமாக வையுங்கள். வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும், மழைக்காலப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விடவேண்டாம். பயன்படுத்தும் குப்பிக்கு எத்தனை டிகிரி வரை, எத்தனை நாள் என்று உறையில் இருக்கும், அதைப் பாருங்கள்.

கேள்வி: பறவைகள் பார்க்க எந்த மாதம்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் கிராமத்துக்குக் கொக்கு இனத்தைச் சேர்ந்த டெமாய்செல் பறவைகள் செப்டம்பரை ஒட்டி வந்து மார்ச்சில் திரும்பும். ஆயிரக்கணக்கில் பார்க்க டிசம்பர், ஜனவரி. கிராமத்தார் தானியம் போடும் காலை நேரத்தில் அங்கே இருங்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய தரைப்பறவையான கானமயிலைப் பார்க்கவேண்டும் என்று பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் வண்டியைப் புல்வெளியில் இறக்கச் சொல்லாதீர்கள். மிச்சம் இருப்பவை மிகக் குறைவு, ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும், அதுவும் வெறும் தரையில். முட்டையிடும் காலமான கோடையிலும் மழைக்காலத்திலும் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜனவரியில் உதடு வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: பாட்டிலிலேயே உறைந்துவிடும். வாசலின் எடுத்துப்போங்கள். மூக்கின் உட்புறத்திலும் லேசாகத் தடவுங்கள், வறட்சியில் சிலருக்கு ரத்தம் கசியும்.

கேள்வி: நட்சத்திரம் பார்க்க எந்த நாள்? (ஓசூர் வாசகர்)

பதில்: அமாவாசையை ஒட்டிய நான்கு நாட்கள். சாமில் கூடாரங்களின் விளக்கு அதிகம், குரி கிராமத்து மணல்மேட்டுப் பக்கம் போங்கள்.